பெரியப்பாவின் இருமலும் ஒரு இதய மாத்திரையும்

பெரியப்பாவுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று அமியோடரோன் எழுதிக் கொடுத்தார்கள். 200 மில்லிகிராம், திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, சனி ஞாயிறு லீவு. துடிப்பு அடங்கிவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய அதே சீட்டைக் காட்டித்தான் மெடிக்கல் ஷாப்பில் வருஷக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தார்.

வறட்டு இருமல் வந்தபோது பனி என்றார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றதற்கு வயசு. எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் படர்ந்திருந்ததும் நிமோனியா என்று ஆன்டிபயாடிக், அது கேட்காததால் நுரையீரலில் நீர் என்று நீர் மாத்திரை. கடைசியில் பார்த்த நெஞ்சக மருத்துவர், ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா, எல்லாத்தையும் மேசைல வைங்க" என்றார். சிடி ஸ்கேன் எடுத்து, கிருமித் தொற்றும் இல்லை, இதயம் பலவீனப்பட்டதும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் அந்த இதய மாத்திரைதான் காரணம் என்றார். இதுதான் என்று அடித்துச் சொல்ல தனியாக ஒரு டெஸ்ட் கிடையாதாம்.

இந்த மருந்து கொழுப்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் போய்த் தங்கிக்கொள்ளும். நிறுத்தினாலும் உடம்பில் இருப்பதில் பாதி வெளியேறவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும், சிலருக்கு நூறு நாளுக்கு மேல். அதனால் நுரையீரல் அழற்சியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் மாதக்கணக்கில். அவசரப்பட்டுக் குறைத்தால் இருமல் திரும்பிவிடும். பெரியப்பாவுக்கு அதில் சர்க்கரை எகிறியது தனிக் கதை.

எனக்குக் கோபம் மருந்தின் மேல் இல்லை. அமெரிக்காவில் 1985இல் அனுமதித்தபோதே உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு மட்டும்தான் அனுமதித்தார்கள், நுரையீரல் பாதிப்பு பற்றி அதன் குறிப்பேட்டில் கட்டம் கட்டியே எச்சரிக்கை இருக்கிறது. ஆரம்பிக்கும்போது எக்ஸ்ரேயும் நுரையீரல் திறன் சோதனையும், பிறகு வருஷம் ஒரு எக்ஸ்ரே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் (எடையில் 37 சதவீதம் அயோடின், தைராய்டு சும்மா இருக்குமா). இதில் ஒரு வரி அந்தச் சீட்டில் இல்லை.

வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், துடிப்பு மறுபடி தறிகெட்டால் அது இதைவிட மோசம். இருமலோ மூச்சிரைப்போ வந்தால் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு ஒரு ஹெர்னியா ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. ஆக்சிஜன் அதிகம் கொடுத்தால் இந்த நுரையீரல் தாங்காமல் போகலாம் என்பதால், மாத்திரையை நிறுத்தியாயிற்று என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், அதற்கான கடிதம் வாங்க வியாழக்கிழமை போகிறோம்.