டைல்ஸைக் கழற்றிய பிறகு

அம்மாவுக்கு முழங்கால் மடக்க ஏலாமல் போனதும், உப்புவெளி வீட்டுப் பாத்ரூமில் குந்தும் கக்கூஸை எடுத்துவிட்டுக் கொமட் வைக்க முடிவெடுத்தோம். ஒரு கிழமை வேலை என்றுதான் மேசன் சொன்னார். நாலு கிழமை எடுத்தது.

முதல் நாள் சுவர் டைல்ஸைத் தட்டிப் பார்த்தவர், "பிள்ளை, இந்தப் பக்கம் பொள்ளலாக் கேக்குது" என்றார். கழற்றினால் உள்ளே பழைய இரும்புக் குழாய், மூட்டில் கசிந்து சுவரே ஊறிப்போயிருந்தது. சரி, பிவிசி போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். மேலே பார்த்தபோதுதான் பயம் வந்தது.

சிலாப்பின் அடியில் நீளமாக ஒரு வெடிப்பு, ஓரத்தில் பழுப்புக் கறை. பல வருஷமாக அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்து வந்திருக்கிறோம். மேசன் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்ட, உள்ளங்கை அகலத்துக்குக் கொங்கிறீட் பெயர்ந்து விழுந்தது. கம்பி ஏடு ஏடாக உரிந்தது. விரலால் நசுக்கினேன், தூளானது. அதற்கு நேர் மேலே 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1 தொன். அதன் கீழேதான் அம்மா தினமும் குளித்திருக்கிறார்.

கடற்கரை வீடுகளில் இது கண்டதுதான் என்றார் மேசன். உப்பு கொங்கிறீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருத்து, இடம் போதாமல் கொங்கிறீட்டையே பிளக்கும். மாரி மழைக்கு முதல் முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில், பூசிவிடலாமா என்று நானே கேட்டேன். "பூசினா உள்ளுக்க துரு நிக்குமா பிள்ளை?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றே தாங்கியை இறக்கினோம். பொறியியலாளரான மச்சான் வந்து பார்த்து, ஒரு மூலையை வெட்டிப் புதிதாக வார்க்கச் சொன்னார். தாங்கி இனி அங்கே ஏறவே கூடாது, வெளியே தனித் தூணில் வையுங்கள் என்றார். மற்ற இடங்களில் முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டினார்கள். டைல்ஸுக்கு ஒதுக்கிய காசில் பாதி இதற்கே போனது. போகட்டும். நீங்களும் டைல்ஸ் நிறம் பார்க்கப் போகுமுன் சிலாப்பைத் தட்டிப் பாருங்கள்.

கடைசியாகத் தரைக்கு நீர்க்காப்புப் பூச்சடித்து, வடிகால் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்தோம். மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை அம்மா நிலையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"கோட்டிலதான் நிக்குது."

மேசனைக் கூப்பிட்டு டைல்ஸ் ஒட்டச் சொன்னேன்.