சேவல் முதல் புறா வரை: ஒரு சமையல் நாட்குறிப்பு

ஜனவரி 6, சனி

வயதான சேவல் ஒன்று கிடைத்தது. கால் முள் என் சுண்டுவிரல் அளவுக்கு வளர்ந்து கெட்டியாக இருந்தது. நெஞ்செலும்பின் கீழ்நுனியை அழுத்திப் பார்த்தேன், கொஞ்சமும் அசையவில்லை. இளங்கோழிக்கு அந்த இடம் குருத்தெலும்பாக இருக்கும், காது மடல் மாதிரி வளையும். வயது ஏற ஏற எலும்பாக இறுகிவிடும். வயது தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இந்தச் சேவலுக்காகவே பிரெஞ்சுக் கிராமங்களில் பிறந்த சமையல் ‘கொக் ஓ வான்’. கொக் என்றால் சேவல், வான் என்றால் ஒயின். பன்றிக் கொழுப்புத் துண்டுகள், சின்ன வெங்காயம், காளான், ஒரு புட்டி சிவப்பு ஒயின். பழைய முறையில் குழம்பைக் கெட்டியாக்கச் சேவலின் ரத்தத்தையே கடைசியில் சேர்ப்பார்கள். நான் அதை விட்டுவிட்டேன்.

முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கறியைக் குத்திப் பார்த்தால் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. தெரியாதவர்கள் இந்தக் கட்டத்தில்தான் ‘கெட்டுப்போச்சு’ என்று அடுப்பை அணைப்பார்கள். இரண்டு மணி நேரத்தில் முள்கரண்டி உள்ளே போனது, ஆனால் வெளியே வர மறுத்தது. மூன்றரை மணி நேரத்தில் எலும்பு தானாகக் கழன்றது. சேவல் ஓடித் திரிந்த காலத்தில் தசையைக் கட்டிவைத்த கொலாஜன் எல்லாம் மெல்லிய தீயில் கரைந்து ஜெலட்டின் ஆகிக் குழம்பில் இறங்கிவிட்டது. கரண்டியை இழுத்தால் சட்டியின் அடியில் தடம் விழுந்தது. ஒரு வாய் சாப்பிட்டதும் உதடு ஒட்டிக்கொண்டது.

ஆறேழு வாரத்தில் வளர்ந்துவிடும் பிராய்லரில் இதைச் செய்யக் கூடாது. கறி பிய்ந்து நாராகும், குழம்பு தண்ணீராகவே கிடக்கும். சமையல்காரர் மேல் தப்பில்லை, கரைவதற்கு அந்தக் கோழியில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 7, ஞாயிறு

மிச்சக் குழம்பு குளிர்பதனப் பெட்டியில் உறைந்து தட்டினால் ஆடியது. சூடாக்கிச் சாப்பிட்டோம். நேற்றைவிட நன்றாக இருந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

போன வாரத்துக்கு நேர் எதிராக ஒன்று. சீனாவின் ஹைனான் தீவில் வென்சாங் கோழிக்கு நல்ல பெயர் உண்டு. அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்தச் சமையலைக் கோழிச்சோறாக வளர்த்தெடுத்தார்கள். இளங்கோழி, இஞ்சி, வெங்காயத்தாள், உப்பு. அவ்வளவுதான். மறைத்துக்கொள்ள மசாலா இல்லாததால் பக்குவம் தவறினால் உடனே தெரிந்துவிடும்.

தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சின்னக் குமிழி மட்டும் எழும்ப வேண்டும். முழுக்கோழியைக் கழுத்தைப் பிடித்து முக்கி, தூக்கி, வயிற்றுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்ததும் மறுபடி முக்கினேன். மூன்று தடவை. உள்ளே புகும் முதல் தண்ணீர் சட்டென்று ஆறிப்போகும், அதை மாற்றாவிட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து நேராகப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டேன். தோல் இறுகி, அதற்கும் கறிக்கும் நடுவே மெல்லிய ஜெல்லி படிந்தது. இந்த உணவின் உயிரே அந்த ஜெல்லிதான் என்பேன். அரிசியைக் கோழிக் கொழுப்பில் வறுத்து, வெந்த தண்ணீரிலேயே சோறாக்கினேன்.

வெட்டும்போது தொடை எலும்பை ஒட்டிச் சிவப்பு தெரிந்தது. இளங்கோழியின் எலும்பு இன்னும் முழுதாக இறுகாததால் மஜ்ஜையின் நிறம் வெளியே கசியும். நிறத்தை வைத்து முடிவெடுக்காமல் வெப்பமானியைத் தொடையின் தடித்த பாகத்தில் குத்துங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் பயமில்லை.

ஜனவரி 20, சனி

கினிக்கோழியைக் கெடுத்துவிட்டேன்.

ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பறவை இது. இத்தாலியில் ‘ஃபராவோனா’ என்பார்கள், எகிப்து மன்னர்களான பாரோக்களின் பெயரை ஒட்டி. உரித்துப் பார்த்தால் கோழியைவிடக் கறி கருத்து, கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் கோழிக்குச் செய்கிற மாதிரி அடுப்புக்குள் முழுதாக வைத்தேன். தொடை வேகும்வரை காத்திருந்ததில் நெஞ்சுக்கறி உலர்ந்து, கத்தி பட்டதும் உதிர்ந்தது. அருமையான பறவை. இரவு முழுக்க மனசு ஆறவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

மறுபடி கினிக்கோழி. இந்தத் தடவை தொடைகளைப் பிரித்து முட்டைக்கோசு, கொஞ்சம் சாறு சேர்த்து மூடி, தனியாக ஒன்றேகால் மணி நேரம் வேகவிட்டேன். நெஞ்சுப்பகுதியை எலும்போடு வைத்து, பன்றிக் கொழுப்பை மெல்லிய ஏடாகச் சீவிப் போர்த்தி நூலால் கட்டினேன். அடுப்பில் கொழுப்பு உருகி வழிந்து கறியை நனைத்துக்கொண்டே இருக்கும். கடைசிப் பத்து நிமிடம் போர்வையை எடுத்துத் தோலைச் சிவக்கவிட்டேன். வெட்டினால் ஈரம் மினுங்கியது.

ஃபெசன்ட், கௌதாரி, காட்டில் சுட்ட எந்தப் பறவைக்கும் இதே கணக்குதான். ஐரோப்பாவில் ஃபெசன்ட்டை இறகோடு, குடலோடு குளிர்ந்த இடத்தில் சில நாள் தொங்கவிடும் வழக்கம் இருக்கிறது. தசையில் உள்ள நொதிகளே கறியை இளக்கி மணத்தையும் ஏற்றும். சுட்ட பறவையைச் சமைப்பவர்கள் சதையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈயக் குண்டு மறைந்திருக்கும்.

பிப்ரவரி 3, சனி

வாத்து. நெஞ்சுத் துண்டின் தோலைக் கத்தி நுனியால் கட்டம் கட்டமாகக் கீறினேன். கொழுப்புவரை போகலாம், சதையைத் தொடக்கூடாது. குளிர்ந்த வாணலியில் தோல் கீழே இருக்கும்படி வைத்து, அப்புறம்தான் தீயை மூட்டினேன். சூடான வாணலியில் போட்டால் தோல் சட்டென்று சிவந்து மூடிக்கொள்ளும், அடியில் இருக்கும் கொழுப்பு வெளியே வர வழியில்லாமல் போகும். முதலில் சத்தமே இல்லை. நாலைந்து நிமிடம் கழித்து மெல்லிய சடசடப்பு. பன்னிரண்டு நிமிடத்தில் விரற்கடை தடிமனாக இருந்த வெள்ளைக் கொழுப்பு பாதியாகச் சுருங்கி, தோல் பொன்னிறமானது. உருகியதை வடிகட்டி ஒரு ஜாடியில் வைத்தேன்.

நறுக்கியபோது பத்து வயது மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, இது மாட்டுக்கறியா?” என்றாள். நல்ல கேள்வி. கோழி ஆபத்து வந்தால் மட்டும் நாலு அடி பறந்து இறங்கும், அதன் நெஞ்சுத் தசைக்கு ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் தேவை இல்லை. வாத்தின் குலமோ நாட்கணக்கில் பறக்கும். ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் அந்தத் தசையில் நிறைந்திருப்பதால் சிவப்பு. வீட்டில் வளர்த்த வாத்து பறக்காவிட்டாலும் உடம்பு மறக்கவில்லை. உணவகங்களில் இதை நடுவில் ரோஜா நிறமாகவே தருவார்கள். எனக்கும் அப்படித்தான் பிடிக்கும். ஆனால் பாதுகாப்பு விதி வாத்துக்கும் 74 டிகிரிதான் என்பதால், மகளின் துண்டை மட்டும் முழுதாக வேகவிட்டேன்.

பெய்ஜிங்கில் இதே கொழுப்புப் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்தார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரித்து, கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்கி, மால்ட் சர்க்கரைப் பாகு பூசி, காற்றில் தொங்கவிட்டு உலர்த்தி, பிறகு சுடுவது. பிரிந்த தோலுக்கு அடியில் கொழுப்பு தாராளமாக ஓடும். காய்ந்த தோல் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

வாத்தின் கால்களை உப்பில் ஊறவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

உப்பைக் கழுவித் துடைத்து, நேற்றைய கொழுப்போடு இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, கால்களை முழுக்க மூழ்கடித்தேன். கொதிக்கவிடாமல் மூன்று மணி நேரம். தென்மேற்குப் பிரான்சின் ‘கோன்ஃபி’. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் கறியைக் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கக் கண்ட வழி.

பிப்ரவரி 17, சனி

எத்தியோப்பியாவின் கோழிக் குழம்பு, தோரோ வாட். வெங்காயத்துக்கே ஒரு மணி நேரம் போனது. பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தண்ணீர் விடும், பிறகு இறுகும், பிறகு அடிபிடிக்கப் பார்க்கும். அப்போது ஒரு கை தண்ணீர் தெளித்து மறுபடி கிளறல். அது பழுப்புக் கூழாக மசிந்த பிறகுதான் வாசனை ஏற்றிய வெண்ணெயும் பெர்பெரே மிளகாய்ப் பொடியும். கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுவது மரபு. அவித்த முட்டைகளைக் கீறிக் கடைசியில் போடுவார்கள். நீண்ட நோன்பு முடிந்து ஈஸ்டர் அன்று சாப்பிடுகிற குழம்பு இது. இத்தனை நாள் கறியைத் தொடாதவர்களுக்கு முதல் கவளம் இதுவாக இருப்பது எவ்வளவு பொருத்தம்!

பிப்ரவரி 25, ஞாயிறு

வான்கோழி. மெக்சிகோவில் வீட்டுப் பறவையானது, அங்கே நவாட்டில் மொழியிலிருந்து வந்த ‘குவாஹொலோட்டே’ என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. மற்றவர்களில் பலர் தப்பான ஊரைத்தான் காட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் துருக்கி, துருக்கியில் ‘ஹிந்தி’, பிரெஞ்சில் ‘இந்தியாவிலிருந்து’, போர்ச்சுகீசில் ‘பெரு’.

மகள் நான் சொல்லாமலே நெஞ்செலும்பு நுனியை அழுத்தி, “வளையுதுப்பா” என்றாள். காலின் தசைநாண்கள் மட்டும் குச்சி மாதிரி எலும்பாகியிருந்தன. ஒவ்வொன்றாக இடுக்கியால் இழுத்து எடுத்தேன். காய்ந்த மிளகாய் வகைகள், எள், கொட்டைகள், துளி சாக்லேட் அரைத்த மோலே குழம்பில் காலும் தொடையும் போயின. நெஞ்சைத் தனியாக வைத்துக்கொண்டேன். முழுதாகச் சுட்ட வான்கோழி பார்க்க அழகு, சாப்பிட ஏமாற்றம் என்பதே என் முடிவு.

மார்ச் 2, சனி

இன்று புறா. அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறாவைச் சுட்டு, பீப்பாய்களில் அடைத்து நகரச் சந்தைகளுக்கு அனுப்பினார்கள். கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. காட்டுப் பறவைகளின் ருசியை மதிக்கிறவன் நான். ஆனாலும், இந்தக் கதை தெரிந்த பிறகு பண்ணையில் வளர்ந்ததைத் தவிர வேறு புறாவை என் சட்டியில் போட மனம் வரவில்லை.

பண்ணைப் புறாவைச் சுமார் நான்கு வாரத்தில், முதல் தடவை பறப்பதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். பறக்கவேண்டிய தசை தயாராகிக் கருஞ்சிவப்பாக இருக்கும், ஆனால் ஒரு நாளும் உழைக்காததால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். எகிப்தில் இதை ‘ஃப்ரீக்கே’ அடைத்துச் செய்கிறார்கள். முற்றுவதற்கு முன் அறுத்துத் தீயில் வாட்டிய கோதுமை அது, அடுப்பில் ஏறியதும் புகை மணம் எழுந்தது. வெங்காயம், ஈரல், மிளகு சேர்த்துப் பாதி வேகவைத்துத் தோலுக்கடியிலும் வயிற்றிலும் அடைத்தேன். ஒன்றில் நிறையத் திணித்துவிட்டேன், தானியம் உப்பி நெஞ்சுத் தோல் கிழிந்தது. முக்கால்வாசி மட்டும் அடைத்த மற்ற இரண்டும் உருண்டையாக, இறுக்கமாக நின்றன. சாறில் வேகவைத்து, துடைத்து, நெய்யில் சிவக்கவிட்டேன். கிழிந்ததிலிருந்து கொட்டிய கோதுமை சாறோடு கலந்துவிட்டது. அதைக் கிண்ணத்தில் ஊற்றி, புறா சிவக்கும்வரை நின்றபடியே குடித்தோம்.