வெஸ்டர்ன் படங்களில் காணாமல் போன புகை

கௌபாய் படம் பார்க்க உட்கார்ந்தால் நான் தோட்டாக்களை எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஆறு குண்டு கொள்ளும் துப்பாக்கி, ஒன்பது முறை வெடிக்கும். பாதி எரிந்த சுருட்டு அடுத்த ஷாட்டில் முழுசாக இருக்கும். இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் தரையைக் கவனித்துப் பாருங்கள், இவன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும், எதிரில் நிற்பவன் நிழல் நீளமாகப் படுத்திருக்கும். ஒருவனை மத்தியானம் எடுத்துவிட்டு இன்னொருவனைச் சாயங்காலம் எடுத்திருப்பார்கள். சூரியனை நம்பி வெட்டவெளியில் எடுக்கிற படம், ஒரு நிமிடக் காட்சிக்கே ஒரு நாள் போய்விடும், அதனால் இந்தக் கன்டின்யூட்டி தவறுகள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

காலம் தப்பிப் போகிற பொருட்கள் அடுத்த ரகம். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' 1862-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே நடக்கிற கதை. அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட் வைத்திருப்பது உலோகத் தோட்டா போடும்படி மாற்றிய கோல்ட் கைத்துப்பாக்கி. பின்பக்கம் வழியாகத் தோட்டா போடும் உருளைக்கான காப்புரிமை 1869 வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையில் இருந்தது, கோல்ட் நிறுவனம் அதைத் தொட முடியாது. 'ஜாங்கோ அன்செயின்ட்' 1858-இல் தொடங்குகிறது, அதிலே டைனமைட் வெடிக்கிறது. நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1867-இல்தான். சரி, இதையும் விட்டுவிடலாம்.

என்னால் விட முடியாதது புகை. அந்தக் காலத்துத் தோட்டாக்களில் இருந்தது கருமருந்து, நாலைந்து முறை சுட்டாலே வெள்ளைப் புகை திரண்டு எதிராளியை மறைத்துவிடும். புகை குறைவான வெடிமருந்து 1884-இல்தான் பிரான்சில் உருவானது. ஆனால் படங்களில் எத்தனை பேர் சுட்டாலும் காற்று பளிச்சென்று இருக்கும். யார் முதலில் துப்பாக்கியில் கை வைத்தான், யார் விழுந்தான், எல்லாம் நமக்குத் துல்லியமாகத் தெரியும். அங்கேதான் வரலாறே மாறிப்போகிறது.

படத்தில் பளிச்சென்று தெரிவது நிஜத்தில் எவ்வளவு குழப்பம் என்பதற்கு, பல வெஸ்டர்ன் படங்களில் வந்த ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ப்ஸ்டோன். சண்டை நடந்தது கொராலில், அதாவது குதிரைப் பட்டியில் இல்லை, ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டியிருந்த குறுகலான காலி மனையில். ஏறக்குறைய 30 விநாடி, சுமார் 30 குண்டு, மூன்று பேர் செத்தார்கள். தொடங்கிய காரணமும் பழிவாங்கல் மட்டுமல்ல: ஊருக்குள் ஆயுதத்தோடு நடமாடக் கூடாது என்று சட்டம் இருந்தது, போலீஸ் தலைவராக இருந்த வர்ஜில் ஏர்ப், கிளான்டன் கோஷ்டியிடமிருந்து துப்பாக்கிகளைப் பறிக்கத்தான் தன் தம்பிகளோடும் அவர்கள் நண்பர் டாக் ஹாலிடேயோடும் போனார்.

ஜான் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளமன்டைன்' (1946) இதை எப்படிக் காட்டுகிறது தெரியுமா? வருடம் 1882 ஆகிவிட்டது. மூத்தவரான ஜேம்ஸ் ஏர்ப் கடைக்குட்டித் தம்பியாகி ஆரம்பத்திலேயே கொல்லப்படுகிறார், நிஜத்தில் அவர் 1926 வரை வாழ்ந்தவர். பல் மருத்துவரான ஹாலிடே அறுவை மருத்துவராகி அந்தச் சண்டையிலேயே சாகிறார், உண்மையில் 1887-இல் காசநோயில் போனார். கிளான்டன் குடும்பத்தின் கிழவர் அந்தச் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே இறந்தவர், படத்தில் அவர்தான் வில்லன். அழகான படம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆயுதத் தடைச் சட்டத்தை எடுத்துவிட்டுத் தம்பியின் சாவை வைத்ததும், ஊரே சண்டை போட்டுக்கொண்ட ஒரு விவகாரம் நல்லவன் கெட்டவன் கதையாகச் சுருங்கிவிட்டது.

நிஜத்தில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் விவகாரமே சூடானது. தப்பி ஓடிய ஐக் கிளான்டன் கொலை வழக்குப் போட்டார், நீதிபதி ஸ்பைசர் முன்னால் ஒரு மாத அளவுக்கு விசாரணை நடந்தது, கடைசியில் ஏர்ப் சகோதரர்கள் விடுவிக்கப்பட்டார்கள். எதிராளிகள் கையைத் தூக்கிவிட்டார்கள் என்று சில சாட்சிகள், இல்லை, துப்பாக்கியை எடுத்தார்கள் என்று வேறு சாட்சிகள். இரண்டு பக்கமும் சில அடி தூரத்தில்தான் நின்றிருந்தார்கள், அப்படியும் முதல் குண்டு யாருடையது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது.