தட்டு காயவில்லை

ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு நெளிவதை எண்ணிச் சம்பளம் வாங்கியவள் நான். வீட்டில் இதை விளக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். எங்கள் ஊரில் நூற்புழு என்றால் வாழை வேரைக் கெடுப்பது. நான் வளர்த்ததோ யாரையும் தொந்தரவு செய்யாத சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். 302 நரம்புச் செல்கள், உடம்பை வளைக்க 95 தசைச் செல்கள். உயிரியலாளர் சிட்னி பிரென்னர் 1960-களில் கேம்பிரிட்ஜில் ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுத்த பிறகு, உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதற்கு அகார் என்ற ஜெல்லி ஊற்றிய தட்டில் இடமும் ஈ.கோலை பாக்டீரியா சாப்பாடும் நிரந்தரமாகிவிட்டன.

சேர்ந்த புதிதில் எனக்கு மரபணு மாறிய ஒரு பிறழ்வு ரகத்தைக் கொடுத்து, சாதாரணப் புழுவோடு ஒப்பிடச் சொன்னார்கள். அகாரில் புழு ஒருக்களித்துப் படுத்துப் பாம்பு போல நெளியும். இரண்டு நொடிக்கு ஒரு நெளிவு. என் பிறழ்வுப் புழுக்கள் அதைவிட வெகுவேகமாகத் துள்ளின, ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு வாரம் எண்ணி நோட்டை நிரப்பினேன். ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகவே நினைப்பு.

பக்கத்து மேசை அக்கா மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, "தட்டை எப்போ ஊத்தின?" என்றார்.

"நேத்து சாயங்காலம்க்கா."

அவர் தட்டை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்தார். அகார்மேல் தண்ணீர் பளபளவென்று ஒரு பக்கம் ஓடியது. சாதாரணப் புழுக்களை நான் விட்டிருந்தது பழைய, காய்ந்த தட்டுகளில். ஆக, இரண்டு வாரமாக ஒரு கூட்டம் ஊர்வதையும் இன்னொரு கூட்டம் நீந்துவதையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

காய்ந்த தட்டில் புழுவை அகாரோடு பிடித்துவைப்பது அதன் எடை அல்ல, உடம்பைப் போர்த்திய மெல்லிய நீர்ப்படலம். அதன் பரப்பு இழுவிசை அழுத்த அழுத்த அகாரில் சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தை உந்தித்தான் புழு முன்னேறும். தண்ணீர் கூடினால் பிடி விட்டுப்போகும். உடம்பு பிறை போல இந்தப் பக்கம் வளையும், உடனே அந்தப் பக்கம். நொடிக்கு இரண்டு தடவை வரை. இவ்வளவு அடித்தும் மெதுவாகத்தான் போகும். அதன் அளவுக்குத் தண்ணீரே கெட்டியானது. வளைவதை நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடும், நம்மைப் போல மிதந்துகொண்டே கொஞ்ச தூரம் போகாது.

அப்புறம் தண்ணீரைக் கெட்டியாக்கும் மெத்தில் செல்லுலோஸ் பொடியின் கரைசலில் விட்டுப் பார்த்தோம். (கட்டி தட்டாமல் அதைக் கரைக்க, கேழ்வரகுக் கூழ் கிளறிப் பழகிய கை வேண்டும்.) கெட்டி ஏற ஏறத் துள்ளல் குறைந்து, பிறை மெல்ல மெல்லப் பாம்பு நெளிவாக மாறியது. ஊர்வதும் நீந்துவதும் ஒரே நடையா, இரண்டா என்று துறையில் சண்டை உண்டு. நான் பார்த்த வரையில் நடுவே கோடு எதுவும் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது குட்டித் தூண்கள் வரிசையாக நிற்கும் சிலிக்கோன் அறை. மண் துகள்களுக்கு இடையே வாழும் பிராணி அல்லவா, தூண்களுக்கு நடுவே தண்ணீர் நிறைத்து விட்டால் அது திணறவில்லை. ஒவ்வொரு தூணாக உதைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரில் போவதைவிடப் பல மடங்கு வேகமாகப் பாய்ந்தது. தூண்களை இன்னும் நெருக்கமாக வைத்த அறையில் அதே புழு சிக்கி நின்றது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தட்டின் அடியில் புழுவின் ரகத்தை எழுதுவதற்கு முன்னால், அகார் ஊற்றிய தேதியை எழுதிவிடுகிறேன்.