பொட்டலத்து நூல்

விடுதி மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பழைய மாணவர் சங்கத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. மெஸ் சாம்பார், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்தது எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1993. தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’ முந்தின வருடம்தான் வெளிவந்திருந்தது. ரூம்மேட் கொடுத்தான். லைட்டை அணைத்த பிறகு வராந்தா பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன். கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்குமே, அது. விறகு பொறுக்கப் போன வயதில் அது கையைக் கிழித்ததை முன்னுரையிலேயே சொல்வார். கன்னியாஸ்திரியாகி, மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியே வந்துவிட்ட பிறகு எழுதிய புத்தகம்.

அதில் ஓர் இடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிறது. அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டின நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். வடையோ பஜ்ஜியோ, தாளில் எண்ணெய் கசிந்திருக்கிறது. களத்தில் இருந்த நாயக்கரிடம் குனிந்து கொடுக்கிறார். பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை.

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைக்கும் பொட்டலம் அப்படித்தான் வரும். நூலோடு. தாத்தா அதைப் பிரித்து முதல் வடையை எனக்குத்தான் கொடுப்பார், நானும் தின்றுவிட்டு விளையாடப் போய்விடுவேன், கொண்டு வந்தவர் ஏன் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

காலையில் ரூம்மேட், “எப்படிடா இருந்துச்சு?” என்றான்.

“நல்லாத்தான் இருக்கு. பாஷைதான் ரொம்பக் கொச்சை.”

அப்போது பலரும் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதுதான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அவன் புத்தகத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, “எங்க அம்மா இப்படித்தான் பேசும்” என்றான். அவ்வளவுதான். அப்புறம் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம், அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

விடுதியை விட்டு வந்த பிறகு, லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் 2000-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு நூலகத்தில் கிடைத்தது. நான் குறை சொன்ன பேச்சு அதில் இல்லை, இருந்திருக்கலாமே என்று தேடினேன். பொட்டலம் மட்டும் நூலோடு அப்படியே இருந்தது.

இந்த மலர் அவன் கைக்கும் போகும் என்று நினைக்கிறேன். டேய், அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்தது நான்தான்.