டிரம்மின் அடியில் இருந்தது

பதினொரு டிரம் கழிவை எரிக்க அனுப்புவதற்கு இரண்டு முறை லாரி வாடகை கொடுத்தேன். முதல் லாரி எரிப்பு நிலையத்தின் வாசலோடு திரும்பிவிட்டது.

எங்களுடையது சிறிய மருந்துத் தொழிற்சாலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எரிப்பு நிலையத்தில் பதிவு எல்லாம் முன்பே இருந்தன. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவை 90 நாட்கள் வரை வளாகத்தில் வைத்திருக்கலாம். 74ஆம் நாளே கிளம்பிவிட்ட தெம்பில் இருந்தேன்.

எடைமேடையில் சனி பிடித்தது. டிரம்முக்கு 200 லிட்டர், ஆகவே 200 கிலோ என்று எங்கள் ஸ்டோர்ஸ் எழுத்தர் மேனிஃபெஸ்ட்டில், அதாவது கழிவோடு கூடவே போகும் ஆவணத்தில், 2,200 என்று போட்டிருந்தார். அவருக்கு எல்லாத் திரவமும் தண்ணீர்தான். நிகர எடையோ 2,600ஐத் தாண்டியது. "கல்லைப் போட்டு மூடினீர்களா சார்?" என்றார் எடைமேடைக்காரர்.

ஆய்வகத்துப் பெண் வந்து, நீளமான கண்ணாடிக் குழாயை டிரம்மின் அடிவரை இறக்கி எடுத்தார். குழாய்க்குள் இரண்டு அடுக்கு. மேலே மெத்தனால் கலந்த தண்ணீர். கீழே மெத்திலீன் டைகுளோரைடு, நாங்கள் எம்.டி.சி. என்போமே, அந்தக் குளோரின் கலந்த கரைப்பான். தண்ணீரைப் போல 1.33 மடங்கு கனம். நாங்கள் முன்பு சோதனைக்கு அனுப்பிய மாதிரி மேலாக மொண்டது. குளோரின் குறைவு என்று அறிக்கை வந்ததில் வியப்பென்ன? அவர் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, அடித்திரவத்தில் தோய்த்துச் சுடரில் காட்டினார். சுடர் பச்சை நிறமாக எரிந்தது; குளோரின் இருப்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குமேல் எதை வாதாடுவது?

குளோரின் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். உலையின் இரண்டாம் அறையில் 1,100 டிகிரி வெப்பத்தில் வாயு இரண்டு வினாடி நிற்காவிட்டால் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உருவாகும் பயமும் உண்டு. அவர்கள் மறுத்தது நியாயம்தான். ஆனால் மறுப்புக் கடிதம் அடிக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று நான்கு மணி நேரம் வெயிலில் நிறுத்தியதுதான் இன்னும் செரிக்கவில்லை.

மாதிரியை அடிவரை இறக்கி எடுங்கள். எம்.டி.சி.யைத் தொடக்கத்திலிருந்தே தனி டிரம்மில் பிடியுங்கள். லிட்டரைக் கிலோவாக்காமல் ஒவ்வொரு டிரம்மையும் எடைபோட்டு எழுதுங்கள். நான் ஒரு பகல் முழுக்க நின்று எழுதினேன்.

புது அறிக்கை, கூடுதல் கட்டணம் எல்லாம் முடிந்து 88ஆம் நாள் லாரி உள்ளே போனது. எடையில் ஆறு கிலோ மட்டுமே வித்தியாசம். எடைமேடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எரித்து முடித்தபின் நமக்குத் திரும்ப வேண்டிய மேனிஃபெஸ்ட்டின் நீல நகல் நேற்றுத் தபாலில் வந்தது. கோப்பில் வைக்கிறேன் என்று ஸ்டோர்ஸ் எழுத்தர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.