பிட்சர் இல்லாத பருவம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இங்கே ஆசிரியர்கள் பலர் சாயங்காலத்தில் ஏதாவது ஒரு விளையாட்டுக்குப் பயிற்சியாளராகவும் இருப்பார்கள். மதுரையில் கல்லூரி அணிக்கு ஆடியவள் என்பதால், பெண்கள் சாஃப்ட்பால் அணி என் பொறுப்பில் வந்தது. ஜெயித்த வருடங்களும் உண்டு. ஆனால் எழுத வேண்டும் என்று தோன்றுவது, வரிசையாகத் தோற்ற ஒரு பருவத்தைப் பற்றித்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சாஃப்ட்பாலில் ஓவர் கிடையாது. பந்து வீசும் பிட்சர் 43 அடி தள்ளி நின்று, கையைத் தோளிலிருந்து ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பருகே பந்தை விடுவாள். பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து ஸ்ட்ரைக்; அடிக்கப் போய்த் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக்தான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவள் அவுட். ஒரு பேட்டருக்கு நான்கு பந்து அந்த ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போய்விட்டால், அவள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய இடங்களில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அதற்குப் பெயர் 'வாக்'. மூன்று பேர் அவுட் ஆகும்வரை இன்னிங்ஸ் முடியாது. அதாவது பிட்சரால் ஸ்ட்ரைக் போட முடியவில்லை என்றால், மற்ற எட்டுப் பேரும் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த இன்னிங்ஸை முடிக்க வழியே இல்லை.

அந்த வருடம் எங்களிடம் பிட்சர் இல்லை. முந்தைய ஆண்டு வீசியவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள். கொஞ்சம் வீசிப் பழகியவள் என்று இருந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திதான். மார்ச் கடைசியில் ஆட்டங்கள் தொடங்கின. ஏப்ரல் முழுக்க ஒஹாயோவில் குளிரும் மழையும் மாறி மாறி வரும். வாக் மேல் வாக் போய்க்கொண்டிருக்கும்போது ஃபீல்டர்கள் விறைத்த விரல்களோடு சும்மா நிற்பார்கள். சும்மா நிற்பவர்களிடம் திடீரென்று ஒரு பந்து வந்தால் அது கையில் நிற்காது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஃபீல்டிங் மோசம் என்று தெரியும். உண்மையில் பிழை அதற்கு இருபது பந்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். ஐந்து இன்னிங்ஸ் முடிந்து பத்து ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடும் விதி ஒன்று இருக்கிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ்; முதல் சில வாரங்களில் அந்த ஏழாவது இன்னிங்ஸைப் பார்ப்பதே எங்களுக்கு அபூர்வமாக இருந்தது.

இந்த வித்தியாசத்தில் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதிரணிப் பிட்சர்களில் பலர் எட்டு, ஒன்பது வயதிலிருந்தே தனிப் பயிற்சிக்குப் போகிறவர்கள். கோடையில் 'டிராவல் பால்' என்று ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள். அதற்குக் கட்டணம், ஓட்டல், பெட்ரோல் என்று குடும்பம் செலவழிக்க வேண்டும். 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம், பள்ளியில் ஆண் பிள்ளைகளுக்குச் சமமாகப் பெண் பிள்ளைகளுக்கும் விளையாட வாய்ப்புத் தர வேண்டும் என்றது. அதன் பலனை நான் தினமும் மைதானத்தில் பார்க்கிறேன், நன்றியோடுதான் பார்க்கிறேன். ஆனால் கோடையில் தனியார் நடத்தும் டிராவல் பால் அந்தச் சட்டத்துக்குள் வராது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கோடையில் ஐஸ்க்ரீம் கடையில் வேலை பார்ப்பார்கள், இல்லையென்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, பருவத்தின் நடுவில் ஒரு பிட்சரை உருவாக்க முடியுமா? முழுசாக முடியாது. ஸ்ட்ரைக் போடும் அளவுக்குக் கொண்டுவரலாம் என்று நம்பினேன். வேகத்தைப் பற்றிய பேச்சையே நிறுத்தினோம். ஜிம்மில் சுவரிலிருந்து நாலைந்து எட்டுத் தள்ளி அவளை நிறுத்தி, கையைச் சுழற்றவே விடாமல், முன்கை இடுப்பை உரசும் இடத்தில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கி விடச் சொன்னேன். மஞ்சள் பந்தைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தோம். சொடுக்கு நேராக விழுந்தால் டேப் ஒரே கோடாகத் தெரியும். கோணலாக விழுந்தால் தள்ளாடும். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. பந்தே அவளிடம் சொல்லிவிடும். அது சரியான பிறகு அரைச் சுற்று, அப்புறம் முழுச் சுற்று, அப்புறம் வாரத்துக்குச் சில அடிகளாகப் பின்னால் நகர்ந்தோம். ஆட்டத்திலும் அவளையேதான் போட்டேன். ஒரு நாள் கார் நிறுத்துமிடத்தில் ஓர் அப்பா வழிமறித்து, "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை எதற்கு இப்படி அடி வாங்க விடுகிறீர்கள்?" என்று கேட்டார். "நாளைக்கும் வீசுகிறாயா என்று அவளிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். அவள்தான் வீசுகிறேன் என்கிறாள்" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பிள்ளையை உண்மையில் தாங்கிப் பிடித்தவள், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் எங்கள் கேட்சர். பதினொன்றாம் வகுப்பு, அதிகம் பேசாத பெண். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காமல் தவறவிட்டால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது பேட்டர் ஓடிவிடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. இதனால் பல பிட்சர்கள் பந்தைத் தாழ்வாக விடவே பயப்படுவார்கள். எங்கள் கேட்சர் ஒரு நாள் முகமூடியைத் தூக்கிவிட்டு நேராகப் பிட்சரிடம் போய், "நீ மண்ணில் குத்தினாலும் சரி, எனக்குப் பின்னால் போகாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபடியே, பந்து மண்ணில் விழும்போதெல்லாம் இரண்டு முட்டியையும் தரையில் போட்டு, தாடையை மார்போடு ஒட்டி, உடம்பால் மறித்தாள். கவசம் மூடாத இடமெல்லாம் கன்றிப் போயிருந்தது. நான் மணிக்கணக்கில் பேசியிருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகியிருக்காது.

ஸ்கோர்போர்டைப் பார்த்து இவர்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று தோன்றியதால், நோட்டில் வேறொரு கணக்கு எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பேட்டருக்கும் முதல் பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா, அவ்வளவுதான். முதல் பந்து ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் பேட்டர் தற்காப்புக்குப் போகிறாள், எப்படியாவது மட்டையை வீசுகிறாள், பந்து ஃபீல்டர்களிடம் வருகிறது. ஆட்டம் முடிந்ததும் அந்த எண்ணைப் பிட்சரிடம் மட்டும் சொல்வேன். சில வாரத்தில், இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் வந்து, "கோச், இன்றைக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் சொன்னேன். பாதியைத் தாண்டிய நாட்களில் ஏழு இன்னிங்ஸும் ஆடினோம். ஃபீல்டர்கள் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். பந்து தங்களிடம் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் யாரும் குரல் கொடுப்பார்கள்.

மே மாதம் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஜெயித்தோம். மாநிலத் தொடரின் முதல் சுற்றிலேயே 5-2 என்று தோற்றோம். எதிரணி வலுவானது, நியாயமாகத்தான் ஜெயித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் பயிற்சியாளர் உரையாற்றத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் சீருடைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தபோது பிட்சர் வந்து, கையின் வேகம் மாறாமல் பந்தை மட்டும் மெதுவாக விடும் 'சேஞ்ச்-அப்' எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டாள். ஜூனில் பள்ளி மூடியதும் தொடங்கினோம். ஐஸ்க்ரீம் கடை வேலை முடிந்ததும் கேட்சரும் வந்து சேர்ந்துகொள்வாள்.